பங்காளிக் கையெழுத்து

வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் அனுசியா ஏழு மானிய விண்ணப்பங்கள் எழுதியிருந்தாள். ஏழும் தோற்றன. ஒவ்வொரு முறையும் வந்த மின்னஞ்சல் கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இம்முறை போட்டி கடுமையாக இருந்தது, அடுத்த சுற்றில் மீண்டும் முயலுங்கள்.

மலாக்கா டவுனில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த ஈரநில நண்பர்கள் இயக்கம். தலைவர் டாக்டர் ஸ்ரீஸ்கந்தராஜா, விலங்கியல் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளத்துக்கு இருந்தது அனுசியா ஒருத்திதான். தங்கா பத்துவில் அம்மாவோடு இருந்தாள். சதுப்பு நிலம், பறவை, நீர்நாய் என்றெல்லாம் ஆசையாகப் படித்துவிட்டு, இப்போது நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

எட்டாவது வாய்ப்பு ஒரு வெளிநாட்டு அறவாரியத்திடமிருந்து வந்தது. வனவிலங்குப் புகலிடங்களுக்குத் துணை நிற்கும் அமைப்புகளுக்கு மானியம் தருகிறார்கள். ஒரே நிபந்தனை, தனி அமைப்பாக வரக்கூடாது. புகலிடத்தை ஒட்டி வாழும் மக்களின் பதிவு பெற்ற சங்கம் ஒன்றும் கூட்டாளியாகக் கையெழுத்திட வேண்டும்.

"மெர்லிமாவ் பக்கம் ஒரு பாயா இருக்குது," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. பாயா என்றால் சதுப்பு. "புகலிடம் எண்டு அறிவிச்சு மூண்டு வருசம். ஒரு பலகையைத் தவிர அங்க ஒண்டும் இல்லை. பக்கத்தில தெராத்தாய் தோட்டம். சனம் எங்கட ஆக்கள்தான். போய்க் கதைச்சுப் பாரும் பிள்ளை."

தெராத்தாய் தோட்டத்தில் மிஞ்சியிருந்தது இருபத்திரண்டு வீடுகள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிற வேலையெல்லாம் வெளிநாட்டுத் தொழிலாளர் கைக்குப் போய்விட்டது. பழைய தொழிலாளர் குடும்பங்கள் வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு மெர்லிமாவுக்கும் ஜாசினுக்கும் வேலைக்குப் போய் வந்தன. குடியிருப்பாளர் சங்கத் தலைவி கமலவேணி. ஐம்பது வயது. அனுசியா போனபோது மழைக்கால பூட்ஸும், ஏதோ ஒரு பழைய தேர்தலில் கொடுத்த டீசட்டையும் போட்டுக்கொண்டு மாட்டுக்கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று மாடுகள். விடியற்காலையில் பாலைப் பாட்டில்களில் அடைத்து மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் மெர்லிமாவில் நான்கு சாப்பாட்டுக் கடைகளுக்கும் கோயிலுக்கும் ஊற்றிவிட்டு வருவாள். புருஷன் வடிவேலு டிராக்டர் ஓட்டியவர். காலில் டிராக்டர் ஏறியதிலிருந்து வீட்டோடு இருந்தார்.

"எங்களையெல்லாம் யாரும் தேடி வரமாட்டாங்களே. என்னா விஷயம்மா?" என்றாள் கமலவேணி.

"பார்ட்னர் வேணும்க்கா. பதிவு பண்ண சங்கமா இருக்கணும். உங்க சங்கம் இன்னும் பதிவுல இருக்குல்ல?"

"பார்ட்னர்னா?"

"கூட்டாளி. பங்காளி மாதிரி."

கமலவேணி சிரித்தாள். "எங்க குடும்பத்துல பங்காளின்னாலே சண்டைதான் லா. சரி, வா, பாயாவைப் பாக்கணும்னுதானே வந்த?"

அன்று அவர்கள் மாடுகளுக்குப் பின்னால் நடந்தே போனார்கள். செம்பனை வரிசை முடிந்த இடத்தில் நிலம் சட்டென்று தாழ்ந்து, முழங்கால் தண்ணீரும் குட்டைப் புல்லுமாய் விரிந்தது. அதற்கப்பால் கடல் பக்கமாக உயர்ந்த மரங்கள். மாடுகள் தண்ணீருக்குள் இறங்கியதும், எங்கிருந்தோ ஆறேழு பெரிய பறவைகள் நடந்து வந்தன. ஆள் இடுப்புக்கு மேல் உயரம், கருத்த முதுகு, வெள்ளை வயிறு, முடியில்லாத மஞ்சள் தலை. உலகத்தில் மிச்சமிருப்பது சில ஆயிரம்தான் என்று அனுசியா புத்தகத்தில் படித்திருந்த நாரை. இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை.

"மொட்டையன்," என்றாள் கமலவேணி. "மாடு கால் வெச்சா தவளையும் மீனும் எம்பும். அதுக்காகத்தான் பின்னாலயே வர்றான். மாடு மேயாத அந்தப் பக்கம் பாரு, கோரை ஆள் உசரத்துக்கு நிக்குது. அங்க ஒருத்தனும் எறங்க மாட்டான். றெக்கை விரிக்க எடம் வேணுமே."

"எத்தனை கூடு இருக்குக்கா?"

"போன மழைக்குப் பதினாலு. அதுக்கு முந்தி பதினேழு. கொறைஞ்சிக்கிட்டு வருது. அதோ தெரியுது பாரு, இறால் குளம். வாரத்துல ஒரு நாள் குளத்தைக் கழுவி பாயாவுக்குள்ள விடுறான். தண்ணி கருப்பா வரும், ஒரே நாத்தம். அன்னிக்கு மீனெல்லாம் வயித்தைக் காட்டிக்கிட்டு மெதக்கும். எத்தனையோ வாட்டி சொல்லியாச்சு."

அனுசியா எல்லாவற்றையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். மாடு, தவளை, குட்டைப் புல், பதினான்கு கூடு, கருப்புத் தண்ணீர். திரும்பும்போது கமலவேணி ஒரு பாட்டில் பாலைக் கொடுத்து அம்மாவுக்கு என்றாள். இந்த முறை நிச்சயம் கிடைக்கும் என்று வழியெல்லாம் அனுசியாவுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. உண்மையாகவே சொல்வதற்கு ஒரு விஷயம் முதல் தடவையாகக் கையில் இருந்தது.

விண்ணப்பப் படிவத்தில் 'அச்சுறுத்தல்' என்று ஒரு கட்டம் இருந்தது. புகலிடத்துக்கு உள்ள முக்கிய அச்சுறுத்தல் எது, அதைத் திட்டக் காலமான இரண்டு வருடத்துக்குள் எப்படிக் குறைப்பீர்கள். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அனுசியா இறால் பண்ணையைப் பற்றி எழுதினாள். ஸ்ரீஸ்கந்தராஜா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, அறவாரியம் பாதிதான் தரும். மீதியை நாங்கள் வேற இடத்தில காட்டவேணும். எங்களுக்குத் தர ஓமெண்டது ஆர்?"

அனுசியாவுக்குத் தெரியும். இறால் பண்ணை முதலாளிதான்.

"அவையைக் குற்றம் சாட்டி எழுதிப்போட்டு அவையிட்டயே கை நீட்டேலுமோ? வேற ஏதும் போடும். இரண்டு வருசத்தில குறைக்கக்கூடிய மாதிரி. இறால் பண்ணையை நீரும் நானும் குறைக்கேலாது."

"வேற அச்சுறுத்தல் இல்ல சார்."

"அச்சுறுத்தல் இல்லாத புகலிடத்துக்கு ஆர் பிள்ளை மானியம் தருவினம்?"

இரண்டு நாள் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. கடைசி நாள் மத்தியானம் அவள் எழுதினாள். அருகிலுள்ள குடியிருப்பின் கட்டுப்பாடற்ற கால்நடை மேய்ச்சல் புகலிடத்தின் மையப் பகுதியைச் சிதைக்கிறது, வேலி அமைத்து மேய்ச்சலை முற்றிலும் நிறுத்துவதன் மூலம் இதை இரண்டு ஆண்டுகளில் நீக்கலாம். ஆங்கிலத்தில் அது வழுவழுப்பாக வந்தது. இது வெறும் வாசகம், பணம் கிடைத்தபிறகு நடைமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். எல்லா விண்ணப்பங்களிலும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

அன்று சாயங்காலமே தாள்களை எடுத்துக்கொண்டு தெராத்தாய்க்குக் கார் ஓட்டினாள். கமலவேணி பால் கறந்துகொண்டிருந்தாள். முப்பத்தொரு பக்கம். கையெழுத்து வேண்டிய இடத்தில் மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தாள் அனுசியா.

"என்னா எழுதியிருக்குமா இதுல?"

"எல்லாம் வழக்கமா எழுதறதுதான்க்கா. பாயாவைக் காப்பாத்தணும், பறவையைக் காப்பாத்தணும், அதுல உங்க சங்கமும் பங்காளின்னு."

கமலவேணி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கொட்டகைச் சுவரில் தாளை வைத்து, ஒவ்வொரு மஞ்சள் துண்டுக்குப் பக்கத்திலும் நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். தமிழில்தான் எழுதினாள். பரவாயில்லையா என்று கேட்டாள். பரவாயில்லை என்றாள் அனுசியா.

மானியம் கிடைத்தது. ஆகஸ்டில் தோட்டத்துப் பொது மண்டபமான பாலாய் ராயாவில் ஒரு விருந்து வைத்தார்கள். பீகூன் சேமியாவும் தே தாரேக் என்கிற நுரைத் தேநீரும். இறால் பண்ணை முதலாளி வந்து பேசினார். கமலவேணி பட்டுச் சேலை கட்டி வந்து ஸ்ரீஸ்கந்தராஜா பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். அந்தப் படம் இயக்கத்தின் இணையப் பக்கத்தில் முதலாவதாகப் போடப்பட்டது.

ஜனவரியில் வேலிக் கம்பிகள் லாரியில் வந்து இறங்கின.

மூன்றாம் நாள் கமலவேணி மலாக்காவுக்கு வந்தாள். மெர்லிமாவிலிருந்து மோட்டாரிலேயே வந்திருந்தாள். மேல்மாடி ஏறி வந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அனுசியாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். கையில் அந்த முப்பத்தொரு பக்கத்தின் நகல் இருந்தது.

"எட்டாம் பக்கம். ரெண்டாவது கட்டம்," என்றாள். "அதைத் தமிழ்ல படிச்சுக் காட்டுமா."

"அக்கா, அது..."

"படி."

அனுசியா தாளைப் பார்த்தாள். "பக்கத்துல இருக்கிற... குடியிருப்புல உள்ள மாடுங்க, கொஞ்சம் மேயறதுனால, புகலிடத்துக்கு..."

"கொஞ்சம்னு போட்டிருக்கா?"

"இல்லக்கா."

"பின்ன?"

"கட்டுப்பாடில்லாம."

"அப்புறம்?"

"சிதைக்குதுன்னு."

"அப்புறம்?"

"வேலி போட்டு, மேய்ச்சலை முழுசா நிறுத்திடலாம்னு."

கமலவேணி தலையை ஆட்டினாள். "எம்மக திவ்யதர்ஷினியும் அப்படித்தான் படிச்சா. காலேஜ்ல படிக்கிற புள்ள, தப்பா படிக்குதோன்னு நெனைச்சேன். அதான் எழுதின ஆள் வாயால கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அக்கா, இறால் பண்ணையைத்தான் முதல்ல எழுதினேன். அதைப் போட முடியல. சத்தியமா, இப்படி ஆகும்னு..."

"எம்மாடு மேஞ்சாதான் மொட்டையன் வருவான்னு ஒங்கிட்ட சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"புக்குல எழுதிக்கிட்டியே."

கமலவேணி கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தன் கையெழுத்தைக் காட்டினாள். "தோட்டத்து ஆபிஸ்ல போய்ச் சண்டை போட்டேன். மேனேஜர் இதை எடுத்து நீட்டுறான். நீங்கதானே கேட்டிருக்கீங்க, உங்க சங்கம்தானே கையெழுத்துப் போட்டிருக்குன்னு கேக்குறான். லயத்து வீட்டுல உள்ளவங்க, எவ்வளவு வாங்குனேன்னு கேக்குறாங்க. நான் என்னா சொல்றது?"

தாள்களை மடித்து ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அனுசியா வாசல்வரை போனாள். கமலவேணி திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றே அனுசியா ஸ்ரீஸ்கந்தராஜாவிடம், திட்டத்தை மாற்ற அறவாரியத்திடம் கேட்கலாம் என்றாள். அவர் கோபப்படவில்லை. அவளுக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வேலி முதலாம் வருச இலக்கு பிள்ளை. தொடங்கேக்கயே மாத்தச் சொன்னா அவை எல்லாத்தையும் சந்தேகிப்பினம். பணத்தைத் திருப்பிக் கேட்பினம். எனக்கும் அந்த மனுசிக்காகக் கவலைதான். ஆனா எழுதினது நீர்தானே?"

"நீங்கதான் சார் மாத்தச் சொன்னீங்க."

"வேற ஏதும் போடச் சொன்னன். மாட்டைப் போடச் சொல்லேல்லை."

அது உண்மைதான். அவர் மாடு என்று சொல்லவே இல்லை. அந்தச் சொல்லை அவளே தேடி எடுத்திருந்தாள், எதிர்த்துப் பேச ஆளில்லாத இடம் எது என்று அவளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

ஏப்ரலுக்குள் வேலி முடிந்தது. கமலவேணி இரண்டு மாதம் புல் அறுத்துப் போட்டுப் பார்த்தாள். பதின்மூன்று வயிற்றுக்கு ஒருத்தி அறுக்கும் புல் எங்கே காணும். செம்பனைக்குள் விட்டால் மருந்து தெளித்த புல். ஒரு கன்று அதைத் தின்று செத்தது. பசுமடம் ஒன்றில் கேட்டுப் பார்த்தாள். ஏற்கெனவே இடம் போதவில்லை என்றார்கள். கடைசியில் ஜூன் மாதம் ஒரு வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரம். மாடுகள் எங்கே போகின்றன என்று அவர் சொல்லவில்லை, கமலவேணி கேட்கவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை அனுசியா போயிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. சாலை ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். லாரியின் பின்கதவைத் தாழ்த்திப் பலகை போட்டிருந்தார்கள். வியாபாரியின் ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தும் முதல் மாடு ஏறவில்லை. காலை ஊன்றிக்கொண்டு நின்றது. ஒருவன் வாலை முறுக்கினான். அது கத்தியது.

"அடிக்காத, விடு," என்றாள் கமலவேணி.

அவளே பலகையில் ஏறி லாரிக்குள் போய் நின்று நாக்கைத் தட்டிக் கூப்பிட்டாள். மாடு தலையை ஆட்டிக்கொண்டு ஏறிப் போனது. அதைக் கட்டிவிட்டு அவள் இறங்கி வந்து அடுத்ததன் பக்கத்தில் போனாள். அது அவள் பின்னாலேயே வந்தது. மிச்சமிருந்த மாடுகள் எல்லாவற்றையும் அவளே ஏற்றினாள். வடிவேலு கொட்டகை வாசலில் ஊன்றுகோலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லாரி போனதும் கமலவேணி கொட்டகைக்குள் போய், வழக்கம்போல் குழாயைத் திறந்து தரையைக் கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர் காருக்குப் பக்கத்துக் கால்வாய் வரை ஓடி வந்தது. அனுசியா இறங்கவில்லை. காரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

முதலாம் ஆண்டு அறிக்கையில் 'மேய்ச்சல்: முற்றிலும் நீக்கப்பட்டது' என்று எழுதினாள்.

மழைக்காலம் வந்தது. பாயாவில் கோரை கிடுகிடுவென்று எழுந்தது. டிசம்பரில் அனுசியா வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனபோது, எங்கே தண்ணீர் என்றே தெரியவில்லை. புல் அவள் தோளுக்கு மேல் நின்றது. மரங்களில் கூடுகளை எண்ணினாள். நான்கு. அடுத்த வாரம் மறுபடி போய் எண்ணினாள். நான்குதான். பறவைகளை எண்ணுவது கூட்டாளிச் சங்கத்தின் பொறுப்பு என்று திட்டத்தில் இருந்தது. கமலவேணி ஒரு தாள்கூட அனுப்பியதில்லை. அனுசியா கேட்டதும் இல்லை.

பிப்ரவரியில் அறவாரியத்தின் பறவை நிபுணர் வந்தார். உயரமான, சிரித்த முகமான பெண். வேலியோரம் ஒரு சுற்று நடந்தார். நின்று கோரையைக் கையால் விலக்கிப் பார்த்தார்.

"இங்கே முன்பு ஏதாவது மேய்ந்ததா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மாடுகள்," என்றாள் அனுசியா.

"அதுதான். மேய்ச்சலை நிறுத்தியதும் புல் மூடிவிட்டது. இந்த நாரைக்குத் திறந்த தண்ணீர் வேண்டும். வேறு நாடுகளிலும் இப்படி நடந்திருக்கிறது. மறுபடி மாடு விடலாம், அளவாக. பக்கத்தில் மாடு வைத்திருக்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

ஸ்ரீஸ்கந்தராஜா முந்திக்கொண்டார். "நிச்சயமாக. எங்கள் கூட்டாளிச் சங்கமே மாடு வளர்ப்பவர்கள்தான்."

திரும்பி வரும்போது அவர் உற்சாகமாக இருந்தார். "இரண்டாம் கட்டத்துக்கு இதுதான் பிள்ளை விசயம். மக்களோட சேர்ந்து மேய்ச்சல். நல்ல புதுமை. அந்த மனுசியிட்டப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாரும்."

"மாடே இல்ல சார் அவங்ககிட்ட."

"வாங்கிக் குடுப்பம். திட்டத்தில போடலாம்."

அனுசியா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டுத் தட்டை எடுத்து வைத்தார். மறுநாள் வேலை நேரத்தில் அவள் இடைக்கால அறிக்கையைத் திறந்து, உள்ளதை உள்ளபடி எழுதினாள். இறால் பண்ணைத் தண்ணீர். அதைப் பெயர் சொல்ல முடியாமல் போன காரணம். மாடுகளால்தான் நாரைகள் வருகின்றன என்று கமலவேணி முதல் நாளே சொன்னது, அது தன் குறிப்புப் புத்தகத்தில் இருப்பது. அப்படியிருந்தும் தானே அந்த வாசகத்தை எழுதியது. ஆங்கிலம் தெரியாத ஒருத்தியிடம் வழக்கமான விஷயம்தான் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியது. தலைவரிடம் காட்டாமல் நேரே அறவாரியத்துக்கு அனுப்பினாள். பிறகு மேசை இழுப்பறையைக் காலி செய்து ஒரு பையில் போட்டுக்கொண்டு, வேலை போகும் நாளுக்காகக் காத்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் நேர்மை எங்களை நெகிழவைத்தது. இப்படி வெளிப்படையாகத் தவறிலிருந்து கற்றுக்கொள்ளும் அமைப்புகளையே நாங்கள் தேடுகிறோம். மற்ற கூட்டாளிகளும் படிப்பதற்காக உங்கள் அறிக்கையை வெளியிட அனுமதி கேட்கிறோம். இரண்டாம் கட்டத்துக்கு உங்களை முன்னுரிமையில் அழைக்கிறோம். ஒரே ஒரு திருத்தம், சட்டச் சிக்கல் வரக்கூடும் என்பதால் இறால் பண்ணை பற்றிய பகுதியை மட்டும் நீக்கியிருக்கிறோம்.

ஸ்ரீஸ்கந்தராஜா அதை இரண்டு தடவை படித்தார். முதலில் முகம் இறுகியது, பிறகு மெல்லத் தளர்ந்தது. "எனக்குச் சொல்லிப்போட்டுச் செய்திருக்கலாம்," என்றார். மறுபடி ஒரு தடவை படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்," என்றார்.

அனுசியா கமலவேணியைப் பார்க்கப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கமலவேணி இப்போது மெர்லிமாவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள், நாள் முழுக்க நின்றபடி. கால்களில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அனுசியா எல்லாவற்றையும் சொன்னாள். மாடு வாங்கித் தருவார்கள், வேலிக் கதவைத் திறந்துவிடுவார்கள், சம்பளமும் உண்டு. தான் எழுதியதெல்லாம் வெளியே வந்துவிட்டது, கமலவேணி மேல் தப்பில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

"எல்லாருக்கும்னா யாருக்கு? இந்த லயத்துக்கா?"

"அறவாரியத்துக்கு. படிக்கிறவங்களுக்கு."

"இங்கிலீஷ்லயா?"

"ஆமாக்கா."

கமலவேணி காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "நீ மனசு கஷ்டத்துல எழுதியிருக்க. அது எனக்குப் புரியுது. எழுதினதுல ஒனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நல்லது. ஆனா எனக்கு அதுல என்னா இருக்கு சொல்லு. மறுபடி மாடு வாங்குவீங்க. ரெண்டு வருசத்துல இன்னொரு ஆள் வந்து வேற ஒண்ணு சொல்வாரு. அப்ப மறுபடி நான் லாரில ஏறி நின்னு கூப்பிடணுமா?"

"அப்படி ஆகாம நான் பாத்துக்கறேன்க்கா."

"நீ பாத்துக்க மாட்ட. முடியாது ஒன்னால. ஒன் மேல கோவத்துல சொல்லல, தெரிஞ்சுதான் சொல்றேன்."

கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். சங்கத்திலிருந்தும் விலகிக் கடிதம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். புறப்படும்போது தே ஓ குடித்துவிட்டுப் போ என்று பால் இல்லாத தேநீர்த் தம்ளரை நீட்டினாள். அனுசியா நின்றபடியே குடித்தாள். நாக்குச் சுட்டது.

கூட்டாளி கிடைப்பது கஷ்டமாக இல்லை. ஒட்டி வாழும் மக்கள் என்ற நிபந்தனையை இரண்டாம் கட்டத்தில் தளர்த்தியிருந்தார்கள். நியாலாஸ் பக்கத்திலிருந்து ஒரு கால்நடைக் கூட்டுறவுச் சங்கம் ஆர்வமாக வந்தது. இருபது மாடுகளை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். காதில் எண் போட்ட மஞ்சள் வில்லை. காலையில் கதவு திறந்து மாலையில் பூட்ட ஒரு ஜாகா, அதாவது காவலாள், தேவைப்பட்டது. உள்ளூர் ஆளாக இருக்க வேண்டும் என்று திட்டத்தில் இருந்ததால் வடிவேலுவைக் கேட்டார்கள். அவர் ஒத்துக்கொண்டார். மருந்துச் செலவுக்கு ஆகும் என்றார். பச்சைச் சீருடையும் தொப்பியும் கொடுத்தார்கள். காலையில் கமலவேணி தொழிற்சாலை பஸ்ஸுக்குப் போகும் வழியில்தான் அந்தக் கதவு இருந்தது. அவர் கதவைத் திறக்கும் நேரத்தில் அவள் அதைக் கடந்து போவாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வீட்டில் அந்த வேலையைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதில்லையாம்.

அந்த வருடக் கடைசியில் ஒன்பது கூடுகள் இருந்தன. அனுசியா மூன்று முறை எண்ணிப் பார்த்தாள். உண்மையான ஒன்பது. ஆக, திட்டம் வெற்றி பெற்றுவிட்டது. வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர் கருத்து வந்துகொண்டுதான் இருந்தது. அதை எழுதக் கட்டம் இல்லை.

அவளைத் திட்ட மேலாளர் ஆக்கினார்கள். கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் நடந்த கருத்தரங்கில் 'தவறிலிருந்து கற்றல்' என்ற தலைப்பில் பேசக் கூப்பிட்டார்கள். கமலவேணியின் பெயரைச் சொல்லாமல், ஓர் உள்ளூர்ப் பெண் என்று சொல்லிப் பேசினாள். லாரிக் கதையைச் சொன்னபோது முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். பெயர் அட்டைகளை நீட்டினார்கள். இன்னொரு புகலிடத்துக்கு இதேபோல் ஒரு திட்டம் எழுதித் தர முடியுமா என்று ஒருவர் கேட்டார். வேலையை விட்டுவிட வேண்டும் என்று அவள் மனதில் அதுவரை இருந்த எண்ணம், பஸ்ஸில் மலாக்கா திரும்புவதற்குள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. தான் விட்டால் வேறொருத்தி வந்து இதைவிட மோசமாக எழுதுவாள் என்று நினைத்துக்கொண்டாள். அதை அவள் நம்பவில்லை, ஆனாலும் நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்லிமாவ் பாசாரில் மீன் கடை முன்னால் கமலவேணியைப் பார்த்தாள். பக்கத்தில் திவ்யதர்ஷினி நின்றிருந்தாள். அனுசியா ஒதுங்கிப் போய்விட நினைத்தாள். அதற்குள் கமலவேணி பார்த்துவிட்டாள்.

"என்னாம்மா, பசியாறிட்டியா? அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்கக்கா."

"முட்டி வலின்னு சொன்னியே. பாத்துக்க."

மீன்காரர் கெம்போங் மீனை நிறுத்துக் கொடுத்தார். கமலவேணி பையை வாங்கிக்கொண்டாள். திவ்யதர்ஷினி அனுசியாவை ஒரு தடவை நேராகப் பார்த்தாள். படிப்பு முடிந்துவிட்டதா என்று அனுசியா கேட்டாள். முடிந்துவிட்டது என்றாள் அந்தப் பெண். என்ன வேலை தேடுகிறாய் என்றதற்கு, தாய் பக்கம் திரும்பி, "அம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றாள்.

"வரேம்மா," என்றாள் கமலவேணி.

இருவரும் காய்கறிக் கடைகளைத் தாண்டி நடந்து போனார்கள். என்ன வேண்டும் என்று மீன்காரர் அனுசியாவைக் கேட்டார். கால் கிலோ நெத்திலி என்று சொன்னாள். அவர் அதைக் கட்டிக் கொடுக்கும்வரை பஸ் நிறுத்தம் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை.